கஞ்சித் தொட்டியும் பஞ்சமி நிலமும்



"சோறு போட்டு மதம் மாற்றினார்கள்" என்று நம்மைக் கேலி பேசுகிறார்கள். 1876-78 பெரும் பஞ்சத்தில் கிறித்தவ மிஷன்கள் கஞ்சி ஊற்றியது உண்மைதான். ஆனால் பஞ்சம் போன பிறகும் சேரியின் பசி போகவில்லை. காரணம், நிலமில்லை. செங்கல்பட்டில் இதைக் கண்ட ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அரசிடம் நிலம் கேட்டார்கள். ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை அளித்தார். 1892இல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம்.

அதே செங்கல்பட்டில், 1994இல், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

இன்றும் வெள்ளம் வந்தால் திருச்சபைகள் அரிசிப் பை தருகின்றன. தரட்டும். பட்டா கேட்கும்போதும் நம்மோடு வந்து நிற்கட்டும்.

ஜெய்பீம்!