பண்டிகைக்கு முன்பே இணையக் கடையைச் சீராக்குவோம்



நம் வட்டாரத்து மகளிர் குழுக்களும் நெசவாளர் சங்கமும் தீபாவளிச் சரக்கை இணையதளத்தின் வாயிலாகவும் விற்க முற்பட்டுள்ளன. இணையக் கடையும் சந்தைக் கடை போன்றதே. கூட்டம் வருமுன் வாயிலை அகலப்படுத்துதல் வேண்டும்.

2014 அக்டோபர் 6-ஆம் நாள் பிளிப்கார்ட் நிறுவனம் நடத்திய பெருவிற்பனையில், கூட்டம் தாங்காது அதன் தளமே தடுமாறியது; பல பொருள்களின் இருப்பு விரைவில் தீர்ந்தது. மறுநாளே நிறுவனர்கள் மன்னிப்புக் கோரினர். பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனில், நாம் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

ஆகவே, ஒரு திங்கள் முன்பே தளத்தின் தாங்குதிறனைச் சோதிப்போம். கனமான படங்களைச் சுருக்குவோம். கைப்பேசியில் நாமே ஒரு பொருளை வாங்கிப் பார்ப்போம். இருப்புக்கு மேல் ஆர்டர் ஏற்காதிருப்போம். கடைசி வாரத்தில் தளத்தை மாற்றாதிருப்போம். ஓராண்டு உழைப்பின் பலன் ஒரு வாரத்தில் வாயிலுக்கு வருகிறது. அது திரும்பிச் செல்லலாகாது.