கிரகித்தலும் நயத்தலும்: இடைநிலை வகுப்புகளில் மீட்டல் குறித்து

(வஹகோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர், ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள வகுப்புகளையே விரும்பிக் கேட்டுப் பெற்றவர். அவரைப் புகழ்வதைவிட அவர் கவலைப்பட்ட பொருளைப் பேசுவதே தகும்.

என் வழக்கு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். செயலமர்வுகளில் நண்பர்களோடு பல காலம் வாதாடியிருக்கிறேன். தவணைப் பரீட்சை நெருங்கினால் மீட்டல் என்ற பெயரில் என்ன செய்கிறோம்? கடந்தகால வினாத்தாள்களை எடுக்கிறோம். பிள்ளை முன்பின் காணாத ஒரு பந்தி, அதன்கீழ் ஐந்து வினா. மறுநாள் வேறொரு பந்தி. கிரகித்தல் ஒரு திறன், எதை வைத்துப் பழகினாலும் அது வளரும், நயத்தல் பிறகு பார்க்கலாம், அது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உரியது என்பது நண்பர்களின் நிலைப்பாடு. அவர்களின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. பின்தங்கிய பிள்ளை சித்தியடைய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையைத்தான் இந்த வழி மிகுதியாக வஞ்சிக்கிறது என்கிறேன். நயக்காமல் கிரகிக்க முடியாது. மீட்டல் என்றால் படித்ததையே மறுபடி படிப்பது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. தந்தை பாரி கொல்லப்பட்டு, அவனுடைய பறம்பு மலை மூவேந்தர் கைக்குப் போனபின், ஒரு நிலவிரவில் அந்தப் பெண்கள் முந்தைய மாதத்து நிலவை நினைக்கிறார்கள். அன்று தந்தை இருந்தார், மலையும் தங்களுடையதாக இருந்தது. இன்று இரண்டும் இல்லை. அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லிவிட்டால் எட்டாந் தரப் பிள்ளைக்கு இவ்வளவும் விளங்கிவிடும். பாடியோர் யார், மலையைக் கொண்டோர் யார், இழந்தவை எவை என்று வினாத்தாள் கேட்கும். பிள்ளை மூன்றுக்கும் விடையெழுதி முழுப் புள்ளியும் வாங்கிவிடும். பாட்டு இன்னும் திறக்கவே இல்லை.

மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். முதற் பாதியில் எது முதலில் வருகிறது? தந்தை; அதன்பின் மலை. இரண்டாம் பாதியில்? மலை முதலில் வருகிறது, தந்தை கடைசியில். ஏன் மாறியது? ஒரு தோட்டப் பாடசாலையில் இதைக் கேட்டபோது, வகுப்பில் வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்து, "பெரிய கவலைய உடனே சொல்ல வராது சேர்" என்றாள். அந்த விடைக்கு மேல் நான் சேர்க்க எதுவுமில்லை. அழுகை என்ற சொல்லே இல்லாத பாட்டில் அழுகை எங்கே இருக்கிறது என்பதை அவள் கண்டுவிட்டாள். இதைக் கிரகித்தல் என்பதா, நயத்தல் என்பதா? எங்கே கோடு கிழிப்பீர்கள்?

மூன்றாம் முறை வாசிக்கும்போது, இரண்டாம் பாதியில் வேந்தரின் முரசு கேட்கும். தந்தையைக் கொன்றவர்களுக்கு வெற்றி முரசு என்ற பெருமையான அடைமொழி எதற்கு? பழைய உரைகாரர் அதை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். போரிட்டுப் பறம்பைக் கொள்ள முடியாது என்று பாரியின் நண்பரான புலவர் கபிலர் பாடியிருப்பதை ஆசிரியர் கதையாகச் சொல்லியிருந்தால் பிள்ளையே அதைக் கண்டுபிடிக்கும். சொல்லாவிட்டால் எத்தனை பந்திகளில் பழகியிருந்தாலும் அந்த முரசு அதன் காதில் புகழ்ச்சியாகவே விழும்.

பிறகு மலை. இந்தத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் மூதாதையர் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையைத் திருத்தியவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது; அந்தச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. லயத்தில் பிறந்த ஒரு பையன் என்னைக் கேட்டான்: "அவங்களுக்கு இழக்குறதுக்கு ஒரு மலை இருந்திச்சு சேர். எங்க மலை யாரோடது?" ஐந்து வினாக்களில் இந்த வினா இல்லை. பாட்டை அந்த வகுப்பில் மிக ஆழமாக வாசித்தவன் அவன்தான். முந்தைய தவணையில் அவனுக்குத் தமிழில் கிடைத்த புள்ளி சித்திக்கே போதவில்லை.

இது ஒரு வகுப்பின் கதை மட்டுமல்ல. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த 'மெல்ல வாசிப்போர்', ஆட்டம் தெரியாத 'நல்ல வாசகரை' மிஞ்சினார்கள். அதற்கும் முன்பே டொலோரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை 4,469 நிமிடங்கள் கவனித்தார். கிரகிக்கக் கற்பித்த நேரம் 20 நிமிடம். மற்ற நேரத்தில் பெரும்பங்கு வினாக் கேட்பதிலும் பயிற்சித் தாள்களிலும் போயிற்று. நம் வகுப்புகளை அப்படி அளந்தால் என்ன வரும் என்று நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்க மரபு ஊன்றிய இந்த ஊரில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676–1742) வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் ஆண்டுதோறும் தமிழ்க் கோவில்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. கடினமான பழைய உரைநடை. எழுத்தறியாதவர்களும் கேட்டு உருகினார்கள். அதே நூலை அடுத்த ஆண்டும் கேட்டார்கள். மீட்டல் என்று நான் சொல்வது இதைத்தான். விரிவாகப் பேச வேண்டிய பொருள், இன்று இயலாது.

நேரம் குறைவு. சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவணைக்கு ஒரு பாட்டு, ஒரு கதை என்று வைத்து மும்முறை வாசிக்கலாம். பாரி மகளிர் பாட்டோடு என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', மலரன்பன், மாத்தளை வடிவேலன் கதைகளைச் சேர்க்கலாம். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்டப் பாடல்களும் உதவும். பிள்ளைகளே முறைவைத்து வினாக் கேட்டு, தெளிவித்து, சுருக்கி, அடுத்து வருவதை ஊகிக்கும் முறையை பலின்க்சர், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். தமிழ் வகுப்புகளில் அதை யாரேனும் முறையாகச் சோதிக்க வேண்டும். உரத்த வாசிப்பா, மௌன வாசிப்பா என்பதும் தனியே ஆராய வேண்டியது. கடந்தகால வினாத்தாள்களில் எத்தனை வினா பந்தியிலிருந்து அப்படியே பெயர்த்தெழுத விடுகிறது, எத்தனை வினா யோசிக்க வைக்கிறது என்று ஓர் அட்டவணை வேண்டும். மாத்தளை ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடலாம். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.