ஆலைக்கு ஒரு நீதி, வயலுக்கு ஒரு நீதியா?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சாலையில் மூன்று ஷிப்டிலும் உழைக்கிறவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கிறவர்களும் வந்திருக்கிறீர்கள். நம்மில் பல வீடுகளில் அண்ணன் ஆலைக்குப் போகிறான்; தம்பி வயலுக்குப் போகிறான். இருவரும் ஒரே வாரத்தில் நோயில் விழுந்தால் என்ன நடக்கிறது? அண்ணன் பெயர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால் டிஸ்பென்சரியில் மருந்து உண்டு. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் படுத்த நாட்களுக்குப் பணமும் உண்டு. தம்பிக்கோ படுத்த அன்றே கூலி நின்றுபோகிறது. கந்துக்காரன் வாசலுக்கு வந்துவிடுகிறான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த இரண்டு நீதி? இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறோம்.

ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது

ஆலைத் தொழிலாளருக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று பேராசிரியர் அதார்க்கர் 1944-ல் அறிக்கை கொடுத்தார். 1948-ல் அது சட்டமாயிற்று. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரிலும் டில்லியிலும் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1955-ல் முதன்முதலாகக் கோவையில் தொடங்கியது. ஆரம்பத்தில் தொழிலாளிக்கு மட்டுந்தான் வைத்தியம். குடும்பத்தாருக்குப் பிறகே கிடைத்தது.

இத்திட்டத்தின்படி, நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வேண்டும். வேலையில் காயம்பட்டால், வேலைக்குத் திரும்ப முடியாத நாள் மட்டும் 90 சதவீதம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளம். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடுவதும் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இது யாரும் போடும் பிச்சையல்ல. நம் உழைப்பிலிருந்து பிறந்த பணம்.

கையிலிருப்பதும் கரைகிறது

2019 ஜூலை முதல் தேதி சந்தா விகிதத்தைக் குறைத்தார்கள். தொழிலாளிக்கும் லாபந்தானே என்றார்கள். கணக்குப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முன்பு தொழிலாளி பங்கு 210, முதலாளி பங்கு 570. மொத்தம் 780 ரூபாய். குறைத்த பிறகு தொழிலாளி பங்கு 90, முதலாளி பங்கு 390. மொத்தம் 480 ரூபாய். நமக்கு மிச்சம் 120. முதலாளிக்கு மிச்சம் 180. ஆனால் ஆஸ்பத்திரி நிதிக்குப் போய்ச் சேரவேண்டியதில் 300 ரூபாய் குறைந்தது! ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் முதலாளிக்கு மாதம் 1,80,000 ரூபாய் மிச்சம். மருந்து இல்லை, ஸ்பெஷலிஸ்ட் இல்லை என்று வெளியே சீட்டு எழுதிக் கொடுத்தால், நமக்கு மிஞ்சிய 120 ரூபாய் ஒரு நாள் மருந்துக்குக் காணுமா?

இரண்டாவது, சம்பள வரம்பு. 2017 ஜனவரியில் அதை 21,000 ரூபாயாக்கினார்கள். விலைவாசி அங்கேயே நிற்கவில்லை. போராடிச் சம்பளம் உயர்ந்தவர், வரம்பைத் தாண்டினார் என்று வைத்திய வசதியை இழக்கலாமா?

மூன்றாவது, பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள். காண்டிராக்ட் ஆள், பயிற்சியாள், விடுதியில் அடைபட்டு வேலை செய்யும் இளம் பெண்கள், வடக்கேயிருந்து வந்த சகோதரர்கள். ஆறு மாதக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருந்தால்தான் நோய்க்காலப் பணம் வரும். ஆளை மாற்றி மாற்றி, பெயரை எடுத்து எடுத்துச் சேர்த்தால் அந்த 78 நாள் எப்போது நிரம்பும்?

1948-ம் வருஷச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், சங்கம் விழித்திருந்தால்தான் உரிமை நிலைக்கும்.

வயல் தொழிலாளிக்கு என்ன?

பாம்பு கடிப்பது வயலில். பூச்சிமருந்து நெஞ்சில் ஏறுவது வயலில். ஆனால் நோயில் படுத்தால் கூலியில் ஒரு பங்காவது தரும் ஏற்பாடு விவசாயத் தொழிலாளிக்கு இல்லை. ஒரே முதலாளி, ஒரே பதிவேடு என்றில்லாததால் இ.எஸ்.ஐ. அவரை எட்டவில்லை.

இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதே என்பார்கள். 2009-ல் தொடங்கி, 2012-ல் மாற்றியமைத்து, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு இணைத்த காப்பீட்டால் இருதய ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தவர்கள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகே பேசும்; அதுவும் பட்டியலிலுள்ள சிகிச்சைக்கு. காய்ச்சலுக்கும், தினசரி மாத்திரைக்கும், பஸ் செலவுக்கும், இழந்த கூலிக்கும் அது வாய் திறப்பதில்லை. 2021-22-ம் வருஷ அரசாங்கக் கணக்கின்படியே, நாட்டில் வைத்தியத்துக்குச் செலவாகும் 100 ரூபாயில் 39 ரூபாய் ஜனங்கள் தம் மடியிலிருந்து அவிழ்த்தது!

பணமில்லை என்ற காரணத்தால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று போர் கமிட்டி 1946-லேயே சொல்லிவிட்டது. 2017-ம் வருஷத் தேசிய சுகாதாரக் கொள்கையோ, 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசாங்கங்கள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22-ல் எட்டியது 1.84 சதவீதம்.

முடியாததல்ல

பிரிட்டனில் டிரெடிகர் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் கூலியிலிருந்து சந்தா போட்டு வைத்திய சங்கம் நடத்தினார்கள். அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகன் அனூரின் பெவன் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5-ந் தேதி, வரிப்பணத்திலிருந்து எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்ற திட்டம் அங்கே அமலாயிற்று. ஆலையா, வயலா என்று யாரும் கேட்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டில் 1995 முதல் அரசுக் கழகம் ஒன்று மருந்துகளை மொத்தமாக வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்கினால் விலை இறங்குகிறது; ஏழைக்கு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. பொதுத்துறையால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நமது கோரிக்கைகள்

இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை உயர்த்து. வரம்பைத் தாண்டியவரையும் வெளியே தள்ளாதே. காண்டிராக்ட், விடுதித் தொழிலாளர் அனைவரையும் முதல் நாளே பதிவு செய். முதலாளி பங்கைப் பழைய அளவுக்கு உயர்த்து. டிஸ்பென்சரிகளில் காலி இடங்களை நிரப்பு. விவசாயத் தொழிலாளிக்கு நோய்க்காலக் கூலிக்கு நிதி ஏற்படுத்து. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் டாக்டர் இருக்க ஏற்பாடு செய்.

நாளைக் காலையிலேயே செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு ஆலைத் தோழரும் தம் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று பாருங்கள். முதலாளி தம் பங்கை உங்கள் கூலியில் பிடிக்கக் கூடாது. காயம்பட்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

ஆலைத் தோழர்களே! உங்கள் டிஸ்பென்சரிக்காக நீங்கள் எழுப்பும் குரலில் வயல் தொழிலாளியின் கோரிக்கையும் ஒலிக்கட்டும். வயல் தோழர்களே! ஆலை வாசலில் நடக்கும் கிளர்ச்சிக்கு நீங்களும் வந்து நில்லுங்கள். தனித்தனியே கேட்டால் மனு; சேர்ந்து கேட்டால் உரிமை. சேர்ந்தே கேட்போம், வெல்வோம்!