'வாங்கு' பட்டனை அழுத்தினா எது நம்ம கைக்கு வருது?

இன்னைக்கு ஒரே ஒரு பட்டனைப் பத்திப் பேசுவோம். ஆப்ல, ஆன்லைன் கடையில எல்லாம் 'வாங்கு'ன்னு போட்டிருக்கும்ல, அதைப் பத்தி.

கடையில ஒரு புத்தகம் வாங்குறீங்க. படிச்சு முடிச்சதும் தங்கச்சிக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில போடலாம். கடைக்காரர் ராத்திரி வீட்டுக்கு வந்து அதை எடுத்துட்டுப் போக முடியாது.

ஆனா 2009 ஜூலையில கிட்டத்தட்ட அதுதான் நடந்துச்சு. ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984', 'அனிமல் ஃபார்ம்' ரெண்டோட ஒரு பதிப்பை, காசு கொடுத்து வாங்கினவங்க கிண்டில்ல இருந்தே அமேசான் அழிச்சிருச்சு. அந்தப் பதிப்பைப் போட்டவங்களுக்கு விக்கிற உரிமை இல்லைங்கிறதுதான் காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் கிண்டில் நம்ம கையில இருந்தாலும் சுவிட்ச் அவங்க கையிலதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

ஏன்னா, பெரும்பாலும் நாம வாங்குறது பொருளை இல்ல, லைசென்ஸை. அதாவது, பயன்படுத்திக்க ஒரு அனுமதி. 'தி க்ரூ'ன்னு 2014-ல யூபிசாஃப்ட் விட்ட கார் ரேஸ் கேம். 2024 மார்ச் 31-ல சர்வரை நிறுத்தினாங்க. தனியா ஆடினாலும் சர்வர் வேணும்ங்கிறதால, டிஸ்க் வாங்கி வச்சிருந்தவங்களாலயும் அதுக்கப்புறம் ஆட முடியல.

உள்ள நடக்குறது ரொம்ப சிம்பிள். "இவருக்கு அனுமதி இருக்கா?"ன்னு ஆப் சர்வரைக் கேக்கும். பதிலே வரலைன்னா என்ன பண்றது? அதை ஒரு இன்ஜினியர் எழுதுற ஒரு வரிதான் முடிவு பண்ணுது. நானும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கேன். பதில் வரலைன்னா மூடிடுன்னு எழுதினேன். காசு கொடுத்த ஒருத்தர் அந்தப் பக்கம் உக்காந்திருப்பாருன்னு அன்னைக்கு எனக்குத் தோணவே இல்ல.

சட்டம் மெதுவா நகருது. கலிபோர்னியாவுல 2025 ஜனவரியில இருந்து, இது லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லாம டிஜிட்டல் பொருளை 'வாங்கு'ன்னு போட்டு விக்கக் கூடாது. ஆனா சொல்லிட்டு விக்கலாம். பின்னாடி நிறுத்துறதையும் அது தடுக்கல.

நம்ம நாட்டுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு ஒண்ணு இருக்கு. தகுந்த காரணம் இல்லாம ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம்ங்கிற மாதிரி விதிகள் அதுல வரும். மாநில நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கலாம். முதல்ல வழி தெரிஞ்சுக்கணும்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த தடவை பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. நெட் இல்லாம ஓடுமா? ஃபைல் நம்மகிட்ட இருக்குமா? சர்வர் நின்னா என்ன ஆகும்? சரியான பதில் இல்லைன்னா அது வாடகைதான். வாடகைக்குத் தகுந்த காசை மட்டும் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்!