முதலாம் ஆண்டில் பிள்ளை என்ன படிக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரை)



பள்ளித் தவணை தொடங்கும் நாளில் நாட்டின் எந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் ஒரே காட்சிதான். புதுக் காலணி, முதுகை மறைக்கும் புத்தகப் பை, கழுத்தில் தொங்கும் தண்ணீர்ப் புட்டி. முதலாம் ஆண்டு வகுப்பின் சன்னல் ஓரத்தில் அம்மா, அப்பா, பாட்டி என்று குடும்பமே நிற்கும். உள்ளே ஒரு பிள்ளை அழும். அதைப் பார்த்து இன்னொன்றும் அழும். பெருந்தொற்றுக்குப் பிறகு சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப் போன பள்ளித் தொடக்கம், 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. மாதம் மாறினாலும் இந்தக் காட்சி மாறவில்லை.

அழுகை ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். அதன் பிறகு வீட்டில் கேள்வி தொடங்கும்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன படிச்ச?"

"ஒன்னும் படிக்கலமா."

அம்மாவுக்குப் பகீர் என்கிறது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நான்கு கோடுகளும் இரண்டு வட்டங்களும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வாக்கியமே எழுதுகிறதாம். அடுத்த வாரமே டியூஷன் தேடும் படலம் ஆரம்பமாகிவிடுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளை ஒன்றும் படிக்கவில்லையா? பெற்றோர் அமைதியாக உட்கார்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

மூன்று மொழி, இரண்டு எழுத்து

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை முதல் வாரத்திலிருந்தே மூன்று மொழிகளைச் சந்திக்கிறது. தமிழுக்குத் தமிழ் எழுத்து. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரூமி எழுத்து. எழுத்து ஒன்றாக இருப்பதால் வேலை பாதியாகிவிட்டது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைக்குச் சிக்கல் தொடங்கும் இடமே அதுதான்.

ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். மலாய் வகுப்பில் அதை 'ஆயிர்' என்று படிக்க வேண்டும், பொருள் தண்ணீர். மணி அடித்து ஆங்கில ஆசிரியர் உள்ளே வந்தால் அதே மூன்று எழுத்துகள் 'ஏர்' ஆகிவிடும், பொருள் காற்று. ஜே, ஏ, எம் என்று எழுதினால் மலாயில் 'ஜாம்', அதாவது மணி. ஆங்கிலத்தில் 'ஜேம்', ரொட்டியில் தடவுவது. எம், ஏ, ஐ, என் மலாயில் 'மாயின்', விளையாடு என்று பொருள். ஆங்கிலத்தில் அது 'மெயின்', முதன்மையானது.

சி என்ற எழுத்து மலாயில் எப்போதும் சகர ஒலிதான் தரும். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லில் அது ககரமாகிவிடுகிறது. பத்து மணிக்குச் சரியாக இருந்த ஒன்று பதினோரு மணிக்குத் தவறாகிவிட்டால், ஏழு வயதுப் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? அந்தக் குழப்பத்தை மந்தம் என்று பெயரிட்டுவிடக் கூடாது. எந்த மொழியில் எப்படிப் படிக்க வேண்டும் என்று தனித்தனியே அடுக்கி வைக்க அந்தப் பிள்ளையின் மூளை உழைத்துக்கொண்டிருக்கிறது.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. மலாய் வாசிப்பை அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். 'பா', 'ஜு' சேர்ந்தால் 'பாஜு', சட்டை. தமிழில் உயிர்மெய் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த முறை புதிதல்ல. ஒரு மொழியில் பெற்ற பயிற்சி இன்னொரு மொழிக்கு ஏணியாகிறது. பிள்ளைக்கு மலாய் வரவில்லை என்று வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தும் பெற்றோர், அந்த ஏணியைத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள்.

247 எழுத்தும் மலையல்ல

தமிழுக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 எழுத்துகள். இந்த எண்ணைக் கேட்டே பல பெற்றோர் மிரண்டுபோகிறார்கள். ஆனால், பிள்ளை 247 உருவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. பதினெட்டு மெய்களின் உருவமும், கால், கொம்பு, சுழி போன்ற குறிகளும் பிடிபட்டால் பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகள் தாமாக வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் சற்றுத் தொல்லை தரும். கு, சு, து ஆகிய மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. அங்கே பிள்ளை தடுமாறினால் அது இயல்பு.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'பல்' என்பதிலும் 'அன்பு' என்பதிலும் பகரம் ஒன்றுதான், ஒலி வேறு. இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்ளத் தமிழ்ப் பிள்ளை பழகுகிறது. ரூமியிலோ அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்துகள். மலாய்ச் சொல்வதெழுதுதலில் பிள்ளை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதினால் காரணம் கவனக்குறைவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

எழுத்தோடு செய்யுளும் மொழியணியும் முதலாம் ஆண்டிலேயே வருகின்றன. ஔவையாரின் ஆத்திசூடியைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறது. அதன் பொருள் முழுதும் இப்போதே விளங்காவிட்டாலும் நட்டமில்லை. நாக்கு பழகிவிட்டால் பொருள் பின்னால் வந்து சேரும். ஆனால், வீட்டில் தமிழைக் கேட்காத பிள்ளைக்கு அது வெறும் ஓசையாகவே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

பெற்றோர் படித்தது வேறு

கணிதத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளை 100 வரை எண்ணுகிறது, 100-க்குள் கூட்டல், கழித்தல் செய்கிறது, அரை, கால் என்னும் பின்னங்களை அறிகிறது, 10 ரிங்கிட் வரை காசைக் கையாள்கிறது, மணிக்கூட்டைப் பார்க்கிறது. அறிவியலில் ஐம்புலன்கள், உயிருள்ளவை, உயிரற்றவை, விலங்கு, தாவரம், காந்தம், மண், நீரை உறிஞ்சும் பொருள்கள் என்று பாடம் விரிகிறது. எழுதுவதைவிடக் கூர்ந்து பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதுமே இங்கு முக்கியம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. 2003-இல் முதலாம் ஆண்டில் காலடி வைத்தவர்கள் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்த முதல் அணியினர். அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் 2009-இல் முடிவெடுத்தது. அதன் பிறகு இவ்விரு பாடங்களும் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. பின்னாளில் இருமொழிப் பாடத் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் இதற்கு விலக்கு. அன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருந்த அந்தப் பிள்ளைகள் இன்று முப்பது வயதை ஒட்டிய இளம் பெற்றோர்.

விளைவு என்ன? பள்ளியில் ஆசிரியர் 'கழித்தல்' என்கிறார். வீட்டில் அப்பா 'மைனஸ்' என்கிறார். பள்ளியில் 'கால் பங்கு', வீட்டில் 'குவாட்டர்'. அப்பா மீது குற்றமில்லை. அவருக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால், கணக்குத் தெரிந்த பிள்ளை சொல் தெரியாமல் திணறும்போது, "இது கூடத் தெரியலையா?" என்று வீட்டில் குரல் உயர்கிறது. பிள்ளையின் பாட நூலை அப்பாவும் ஒருமுறை படித்துவிட்டால் இந்தச் சண்டை பாதி குறையும். அப்பாவும் பிள்ளையோடு சேர்ந்து அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டால் மீதியும் தீர்ந்துவிடும்.

எண்ணின் பெயரும் இப்படித்தான். மலாயில் தொண்ணூறு என்பது 'ஒன்பது பத்து' என்று நேராக வருகிறது. தமிழில் தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது. எண்பத்தொன்பது வரை தடையின்றி வந்த பிள்ளை அந்த இடத்தில் நின்று யோசிப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

நோட்டில் தெரியாத பாடம்

முதல் சில வாரங்கள், பாலர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை புதிய சூழலுக்குப் பழகுவதற்கென்றே ஒதுக்கப்படுகின்றன. வரிசையில் நிற்பது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து மீதி வாங்குவது, பென்சிலை மூன்று விரலால் பிடிப்பது, ஒருவர் பேசும்போது காத்திருப்பது. இவை எல்லாம் பாடம்தான். நோட்டில் இருந்த அந்த நான்கு கோடுகளும் இரண்டு வட்டங்களும் வீண் கிறுக்கல் அல்ல. நேர்கோடு வந்தால் டகரமும் பகரமும் வரும். வளைவு வந்தால் அகரம் வரும்.

ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் அமர்ந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பதினொரு மாதம் பெரிய இடைவெளி அல்ல. ஏழு வயதுக்கு அது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் முன் பிறந்த மாதத்தையாவது கேட்டுக்கொள்ளலாம்.

தேர்வு போனது, பயம் போகவில்லை

முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு வந்தது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நிறுத்தப்பட்டது. இந்த மதிப்பீட்டில் ஆறு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையை எட்டினால் அடிப்படைத் தேர்ச்சி பெற்றதாகப் பொருள். ஆனால், அறிக்கையில் '3' என்ற எண்ணைப் பார்த்ததும் நூற்றுக்கு முப்பது வாங்கியதைப் போலப் பதறும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 2027-இல் முதலாம் ஆண்டில் புதிய பாடத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. பாடத்திட்டத்தின் பெயர் மாறலாம். பெற்றோரின் பதற்றம் மாறாவிட்டால் பிள்ளைக்குப் பயன் இல்லை.

இதற்காக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று கைகட்டி இருக்கவும் கூடாது. மாதங்கள் பல கடந்தும் எழுத்து நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வெண்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறது என்றால், ஆசிரியரை நேரில் கண்டு பேச வேண்டும். கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைநீக்கல் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பலாம் என்று ஆசிரியர் சொன்னால் அதை அவமானமாக எண்ணி மறுக்கக் கூடாது. முதலாம் ஆண்டில் கிடைக்கும் உதவிக்கும் ஐந்தாம் ஆண்டில் கிடைக்கும் உதவிக்கும் வேறுபாடு மிகப் பெரிது.

கேள்வியை மாற்றுவோம்

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. கடைக்குப் போகும்போது ஐந்து ரிங்கிட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து மீதியைத் தமிழில் எண்ணச் சொல்லலாம். சமையலறையில் எது தண்ணீரை உறிஞ்சுகிறது, எது உறிஞ்சவில்லை என்று துணியையும் நெகிழிப் பையையும் நனைத்துப் பார்க்கலாம். இரவில் பத்து நிமிடம், கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, முழு வாக்கியமாகத் தமிழில் ஒரு கதை சொல்லலாம். டியூஷனில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் இது.

"என்ன படிச்ச?" என்ற கேள்வியையும் சற்று மாற்றிப் பார்க்கலாம். "இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த? எது சிரிப்பா இருந்துச்சு? எது புரியல?" என்று கேட்டால் பிள்ளை பேசும். மூன்றாவது கேள்விக்குப் பயமின்றிப் பதில் சொல்லும் பிள்ளை, நாளை வகுப்பிலும் கையைத் தூக்கிக் கேட்கும்.

முதலாம் ஆண்டில் எழுத்தையும் எண்ணையும் தாண்டிப் பிள்ளை இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறது. "எனக்கு வரும்" என்றோ "எனக்கு வராது" என்றோ தன்னைப் பற்றி அது ஒரு முடிவுக்கு வருகிறது. எழுத்துப் பிழையை அடுத்த வாரம் திருத்திவிடலாம். "எனக்கு வராது" என்று ஏழு வயதில் மனத்தில் பதிந்ததை அழிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த முடிவை எழுதுவதில் ஆசிரியருக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி, மாலையில் நோட்டைப் புரட்டும் பெற்றோரின் முகத்தில் இருக்கிறது.

நான்கு கோடும் இரண்டு வட்டமும் கண்டால் ஒருமுறை புன்னகை செய்யுங்கள். அங்கிருந்துதான் அகரம் தொடங்குகிறது.