ஊரை மறைக்காதீர்கள்

(கொட்டாஞ்சேனையில், கொழும்பில் வேலை செய்யும் மலையகத் தொழிலாளர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைப் புடவைக் கடையிலும் இந்தக் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிற நம் பிள்ளைகளிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். "கண்டிப் பக்கம்" என்பார்கள். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. "தோட்டக்காட்டான்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இந்தப் பயம் மனிதரை என்ன செய்கிறது என்பதைச் சமூக உளவியல் ஆராய்ந்திருக்கிறது. இந்தியாவில் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர், பள்ளிச் சிறுவர்களிடம் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகச் செய்தால் காசு. சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தார்கள். சாதியை எல்லோர் முன்னாலும் வாசித்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் போட்ட புதிர்கள் குறைந்துவிட்டன. அதே பிள்ளைகள், அதே மூளை. தங்களை நியாயமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது.

"அப்படியானால் ஊரை மறைப்பதுதானே நல்லது?" என்று கேட்பீர்கள். மறைத்தால் ஓர் ஆள் அன்றைக்குத் தப்பலாம். ஆனால் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் இருவர் ஒரே தெருவில் வேலை செய்தும் தெரியாதவர்போல் போகிறார்களே! சம்பளத்தை முதலாளி பிடித்து வைத்தால் யாரிடம் சொல்வது?

2021இல் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். மலையகமே அழுதது. அவள் உயிரோடு இருந்தபோது, இந்த நகரத்தில் அவளை விசாரிக்க நம்மில் எத்தனை பேர் இருந்தோம்?

வெட்கம் நம்முடையதல்ல. 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தது சட்டம். 2003இல்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. நம்மைக் கீழே வைத்தவர்கள் வெட்கப்படட்டும்.

நம்பிக்கை எப்படி வளரும் என்பது லயத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. ஒரு வீட்டில் சாவு என்றால் பக்கத்துக் காம்பராவில் அடுப்பு எரியாது. தேத்தண்ணி ஊற்றுவதற்கும் குழி வெட்டுவதற்கும் ஆள் தானாக வரும். அதைக் கொழும்புக்கும் கொண்டுவருவோம்.

மூன்று காரியம் கேட்கிறேன். ஊர் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் பக்கத்தில் நிற்பவனும் சொல்லுவான். தோட்டத் தலைவர்மார், கொழும்புக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வேலை இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 16 வயதாகாத பிள்ளையைத் தரகர் கூட்டிப்போனால், 1929க்கு அழைத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தன் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டி வரவேண்டும்.