பெயரைச் சொல்லிக் கூப்பிடு!

(திருச்சியில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காவிரிப் பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரிகிறது. மறு பக்கம் மலைக்கோட்டை தெரிகிறது. இந்த வட்டாரத்தில் அரங்கன் பெயர் இல்லாத தெரு உண்டா? ஆனால் அந்த ஒரே சாமியின் பெயர் எப்படியெல்லாம் மாறியது, பாருங்கள். அக்கிரகாரத்தில் அது ரங்காச்சாரி. கடைத்தெருவில் ரங்கசாமிப் பிள்ளை. வயல் வரப்பில்? வெறும் ரெங்கன்! “டேய் ரெங்கா!”

அறுபது வயதுக் கிழவரை மிராசுதார் வீட்டுப் பத்து வயதுப் பையன் “டேய்” என்றான். கிழவர் “சின்ன ஆண்டே!” என்று கைகட்டி நின்றார். சாமிக்கு இருந்த மரியாதை, அந்தச் சாமியின் பெயரைத் தாங்கிய உழைப்பாளிக்கு இல்லை. கோயிலுக்குள் போகும் உரிமையாவது இருந்ததா? அதற்கும் 1947-ம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது!

இது இன்று நேற்றுக் கதையல்ல. ஸ்ரீரங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு ஆழ்வார்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அங்கே நந்தவனம் அமைத்துத் துளசி மாலை கட்டியவர். அவருடைய இயற்பெயர் விப்ரநாராயணர். அவர் தாமாகவே ‘தொண்டரடிப்பொடி’ என்று தம்மைத் தாழ்த்திக்கொண்டார். மற்றவர் நம் உறையூர்க்காரர், திருப்பாணாழ்வார். பாணர் என்பது அவருடைய குலத்தின் பெயர். முன்னால் ‘திரு’ வந்தது, பின்னால் ‘ஆழ்வார்’ வந்தது. லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் போனார் என்றும் கதை வந்தது. எல்லாம் வந்தும், நடுவில் நிற்பது குலம்தான்! வளர்த்த தாய் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? ஊர் சொல்லும் கதையில் அது இல்லை. ஒருவருக்குத் தாழ்த்திக்கொள்ளவும் ஒரு பெயர் இருந்தது. இன்னொருவருக்குச் சாதியே பெயராயிற்று.

நம் வீடுகளில் குப்பன், பிச்சை என்றெல்லாம் பெயர் வைத்தோமே, ஏன்? பெற்ற பிள்ளை தங்காமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்ததையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்று பெயரிட்டாள் தாய். வைத்தியமும் வயிற்றுக்குச் சோறும் இல்லாத வீட்டின் கண்ணீர் அந்தப் பெயரில் இருக்கிறது. அதைக் கேட்டுச் சிரிப்பவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்!

பெண்கள் நிலை என்ன? சொந்தப் பெயரைச் சொல்லக்கூட விடவில்லை. இன்னார் மகள், இன்னார் சம்சாரம், இன்னானுக்கு ஆத்தாள். 1951-52-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. பட்டியல் எழுத வந்தவர்களிடம் சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெரும்பாலும் வடநாட்டு மாகாணங்களில் நடந்தது இது. பெயர் போயிற்று, அதோடு ஓட்டும் போயிற்று!

தொழிலாளிக்கு டோக்கன் நம்பர்தான் பெயர் என்று நினைத்தது நிர்வாகம். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டது. ஐந்து தோழர்கள் மாண்டார்கள். தியாகராஜன், ராஜு, ராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி, தங்கவேலு. ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் நம்பரையா சொல்கிறோம்? பெயரைச் சொல்கிறோம்!

சாதிப் பட்டத்தை விடுங்கள் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் பலர் விட்டார்கள், நல்ல காரியம். ‘காலனி’ என்ற சொல்லைச் சர்க்கார் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். தெருப் பெயர்களிலும் குடியிருப்புப் பெயர்களிலும் உள்ள சாதியை நீக்க அதே ஆண்டு அக்டோபரில் ஆணை போட்டார்கள். இவற்றை வரவேற்கிறோம்.

ஆனால் வாலை வெட்டியதும் சாதி செத்துவிட்டதா? வாடகைக்கு வீடு கேட்டுப் போங்கள். “தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா பேர் என்ன?” என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். பெயரில் இல்லாத சாதியை ஊரில் தேடுகிறார்கள்! இன்னொரு பக்கமும் உண்டு. ரயில்வே தொழிலாளருக்காகப் போராடிய தோழர் அனந்தன் நம்பியாரின் பெயரில் கடைசிவரை அந்த வால் இருந்தது. அதற்காக அவர் சாதி பார்த்தார் என்று யார் சொல்வார்? ஆகவே பெயரை மட்டும் பார்த்து ஆளை அளக்கவேண்டாம். நிலம் யார் கையில், கூலி யார் கையில், ஒரே பானைத் தண்ணீர் எல்லோருக்கும் உண்டா என்று பாருங்கள்.

நம்மையும் பார்த்துக்கொள்வோம். நம் சங்க ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் பெயர் என்ன? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்! “ஏம்மா, இங்கே வா” என்றே எத்தனை வருஷம் காலம் தள்ளிவிட்டோம்? மிராசுதார் ‘டேய்’ சொன்னது குற்றம் என்றால் நாம் செய்வது என்ன?

ஆகவே மூன்று காரியம் செய்வோம். வயலிலும் மில்லிலும் ஒருவரையொருவர் முழுப் பெயரிட்டு அழைப்போம். வயதில் பெரியவரானால் அண்ணன், அக்கா என்போம். யாராவது ‘டேய்’ என்றால், “எனக்குப் பெயர் இருக்கிறது, ஐயா” என்று நிமிர்ந்து சொல்வோம். சொன்னவர் பின்னால் நாம் எல்லோரும் நிற்போம். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் நம் பெண்களின் பெயர் ஒன்றுபோல் சரியாக இருக்கிறதா என்று சங்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். எழுத்து மாறினால் வரவேண்டிய பணம் வராமல் நிற்கும்.

கூட்டம் முடிந்ததும் முதல் வேலை: அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு, சங்கப் புத்தகத்தில் உறுப்பினராக எழுதுங்கள்!